எந்த வழி பிள்ளையைத் திருத்தும்?

"பயங்காட்டினாத்தான் பிள்ளை திருந்தும்" என்று லயத்தில் நாம் சொல்வதுண்டு. அது சரிதானா?

1970களில் அமெரிக்காவின் ராவே சிறைக்குச் சிறுவர்களைக் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டினார்கள். நல்ல வைத்தியம் என்று பலரும் மெச்சினார்கள். ஜேம்ஸ் ஃபிங்கனாவர் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். சிறைக்குப் போன 46 பேரில் 19 பேர் ஆறு மாதத்துக்குள் குற்றம் செய்திருந்தார்கள். போகாத 35 பேரில் 4 பேர்தான்!

அதே நாட்டின் வாஷிங்டன் மாநிலத்தில், பியர்ஸ் மாவட்டத்தில், வேறு வழியைச் சோதித்தார்கள். நன்னடத்தைக் கண்காணிப்பிலுள்ள பிள்ளையும் பெற்றோரும் உத்தியோகத்தரும் கூடிச் சிறு இலக்குகள் வைப்பார்கள். ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போவது அப்படி ஒன்று. செய்து முடித்தால் புள்ளியும் பரிசும் உண்டு. தொடர்ந்து செய்தால் கண்காணிப்புக் காலமே குறையும். எப்பவோ வரும் தண்டனையைவிட உடனே கிடைக்கும் பாராட்டுத்தான் இளவயதில் மனசில் ஒட்டும்.

நம் நாட்டிலும் 1944ஆம் ஆண்டுச் சட்டப்படி நன்னடத்தை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். நம்ம பிள்ளை அவர் பொறுப்பில் இருந்தால் வெட்கப்பட்டு ஒதுங்க வேணாம். "இந்த வாரம் பிள்ளை என்ன செய்யணும்?" என்று அவரிடமே கேட்போம். செய்ததைக் கொப்பியில் குறித்து வைப்போம். மூன்று மாதத்தில் பலன் இல்லையா? வழியை மாற்றுவோம்; பிள்ளையைக் கைவிட வேணாம்.