உறங்கும் முன் அணைக்க வேண்டிய நெருப்பு



மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளே இருந்தவர்களோடு எரிந்துபோனது. செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள், நெருப்பு நமக்குப் பகை என்றும், உறங்கப் போகும்போது அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் புகாரியில் இது பதிவாகியுள்ளது. விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டையே எரித்துவிடலாம் என்ற எச்சரிக்கையும் ஹதீஸில் வந்துள்ளது.

இன்று நம் வீடுகளில் திரிவிளக்கு இல்லை. ஆனால் செல்போன், பவர் பேங்க், மின் ஸ்கூட்டர் எல்லாம் இரவு முழுவதும் சார்ஜில் கிடக்கின்றன.

மேற்சொன்ன ஹதீஸைப் பல ஆண்டுகள் மக்தபில் சொல்லிக் கொடுத்தவன் நான். கடந்த ரமலானில் ஸஹருக்கு எழுந்தபோது பிள்ளைகள் அறையில் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. மகனின் தலையணைக்கு அடியில் சார்ஜில் கிடந்த பவர் பேங்க், கை வைக்க முடியாத சூட்டில் உப்பியிருந்தது. தலையணை உறை கருகியிருந்தது. அல்லாஹ் காப்பாற்றினான். ஊருக்குச் சொன்னதை என் வீட்டில் நான் கவனிக்கவில்லை.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள்.

ஏன் தீப்பிடிக்கிறது?

லித்தியம் அயான் பேட்டரிக்குள் நேர், எதிர் முனைகளை மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று பிரித்து வைக்கிறது. உள்ளே இருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. கீழே விழுந்து அடிபட்டாலும், அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினாலும், அதிகம் சூடானாலும் அந்தப் படலம் கெட்டு, உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும். அந்தச் சூடு மேலும் சூட்டை உண்டாக்கி, பக்கத்து செல்லுக்கும் பரவும். நச்சுப் புகையும் வரும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். உறங்கும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

2. மெத்தை, தலையணை, சோபா மீது சார்ஜ் போடாதீர்கள். சூடு வெளியேற வழியிருக்காது. தரையிலோ கல் மேடையிலோ, திரைச்சீலைக்கு எட்டாமல் வையுங்கள்.

3. அந்தந்தக் கருவிக்கு உரிய சார்ஜரையே பயன்படுத்துங்கள். பவர் பேங்க் வாங்கும்போது, ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. மின் ஸ்கூட்டரை வாசல் வழியை மறித்து நிறுத்தி சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்காது. ஓட்டி வந்ததும் பேட்டரி ஆறிய பிறகே சார்ஜ் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். எர்த் உள்ள தனி பிளக் பாயிண்ட் வேண்டும்.

5. உப்பிய, கசியும், அடிபட்ட பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

6. இரவில் கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். கொசுவர்த்தி, சாம்பிராணித் தணல், மெழுகுவர்த்தி எதுவும் படுக்கை அருகே இருக்கக்கூடாது. கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் கதவு, ஜன்னலைத் திறந்து வெளியேறி, 1906 எண்ணை அழையுங்கள்.

தீப்பிடித்துவிட்டால்

பொருளை மீட்க நிற்காதீர்கள். முதியவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு உடனே வெளியேறுங்கள். புகை சூழ்ந்தால் தரையோடு தவழ்ந்து செல்லுங்கள்; கீழேதான் காற்று ஓரளவு நல்லதாக இருக்கும். குளியலறைக்குள் ஒளிய வேண்டாம். வெளியேறும்போது கதவைச் சாத்திவிட்டு, 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். அணைந்ததுபோலத் தெரியும் பேட்டரி மறுபடி பற்றிக்கொள்ளும், அருகில் போகாதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது இஷாவுக்குப் பிறகு சுவிட்சுகளைப் பார்த்துவரும் பொறுப்பு அதே மகனுக்குத்தான். உங்கள் வீட்டிலும் ஒருவரிடம் இன்றிரவே அந்தப் பொறுப்பை ஒப்படையுங்கள். பிள்ளைகளின் உயிர் நம்மிடம் உள்ள அமானிதம்.

அல்லாஹ் நம் அனைவரின் இல்லங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

– செயலாளர்