மோட்டார் சைக்கிளுக்கு மாற்றுப் பேட்டரி தேர்ந்தெடுக்கும் முறை

ஆரணிப் பக்கத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைச் சரிபார்த்துக் கொண்டிருந்தபோது, சிக்கன நிதியிலிருந்து கடன் கோரிய விண்ணப்பம் ஒன்று கண்ணில் பட்டது. காரணம், "மோட்டார் சைக்கிளுக்குப் பேட்டரி வாங்க" என்றிருந்தது. அதே அங்கத்தினர் அதே காரணத்திற்காக முந்திய பதினெட்டு மாதங்களில் இரு முறை கடன் பெற்றிருந்தமையைப் பேரேடு காட்டியது. அவரை அழைத்து விசாரித்தேன். "இந்தக் காலத்துப் பேட்டரி எதுவும் நிலைப்பதில்லை, ஐயா" என்றார். சேலையைச் சங்கத்திற்குக் கொண்டுவரும் நாளில் வண்டி வழியில் நின்றுவிட, கொள்முதல் நேரம் கடந்து, கூலி மறுவாரத்திற்குத் தள்ளிப்போயிற்றாம்.

பழைய பேட்டரியைப் பார்த்தேன். அதன் பக்கங்கள் புடைத்திருந்தன. குற்றம் பேட்டரியினுடையதன்று என்ற ஐயம் அப்போதே எழுந்தது. அது சரியே என்பதைப் பின்னர்க் காண்போம்.

பேட்டரியின் வேலை முன்னாளினும் இன்று அதிகம். 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புது இருசக்கர வண்டிகளின் முகப்பு விளக்கு பகலிலும் எரிகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகள் கார்புரேட்டரை விட்டு, மின்சாரத்தால் பெட்ரோலைத் தெளிக்கும் முறைக்கு மாறின. இவ்வகை வண்டியில் பேட்டரி முற்றிலும் வற்றிவிடின், கிக்கரை எத்துணை முறை உதைத்தாலும் எஞ்சின் உயிர்பெறாமற் போகலாம்.

கடையில் விற்கும் 12 வோல்ட் பேட்டரியினுள் ஆறு அறைகள் உள. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆதலின் நிறைந்த பேட்டரி, வண்டியை இரவு முழுதும் நிறுத்தி வைத்தபின், 12.6 வோல்ட்டுக்குக் குறையாமற் காட்ட வேண்டும். 12 வோல்ட் காட்டினால் அது அநேகமாகக் காலியென்று கொள்க. சார்ஜ் ஏற்றிய பின்னும் 10.5 வோல்ட்டளவில் நின்றால் ஓர் அறை கெட்டுவிட்டது. அதனைத் திருத்த வழியில்லை. இவற்றை அறிய மெக்கானிக்குகள் வைத்திருக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும்.

இனி முக்கியமான சோதனை. எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைச் சற்றே முறுக்கிய நிலையில் பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்த்தல் வேண்டும். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பின் வண்டி பேட்டரிக்குச் சரியாக ஊட்டுகிறது. 13 வோல்ட்டை எட்டாவிடில் ஊட்டம் போதாது. 15 வோல்ட்டைத் தாண்டினால் ஊட்டம் மிகை. மிகையாயின் உள்ளிருக்கும் நீர் வாயுவாகி வெளியேறும். மூடிய பேட்டரியில் அதனைத் திரும்ப ஊற்றவும் முடியாது. ஊட்டத்தை அளவு செய்யும் உறுப்பு ரெக்டிபையர் என்று பட்டறையில் வழங்கும் சிறு பெட்டியாகும். நம் அங்கத்தினரின் வண்டியில் மீட்டர் 16 வோல்ட்டைக் கடந்தது. ரெக்டிபையர் கெட்டிருக்க, மூன்றாம் பேட்டரிக்கு அவர் கடன் கேட்டிருந்தார்! அவருக்குப் பேட்டரி விற்ற கடைக்காரர் ஒரு முறையேனும் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் இரண்டு கடன்கள் மிஞ்சியிருக்கும்.

பேட்டரியே பழுது என்று உறுதியானபின் தேர்வுக்கு வருவோம். வண்டியுடன் தந்த கையேட்டிலோ பழைய பேட்டரியின் மேலோ வோல்ட் அளவும் ஆம்பியர்-மணி அளவும் காணப்படும். வோல்ட் அளவில் மாற்றம் கூடவே கூடாது. பழைய வண்டிகள் சில 6 வோல்ட்டில் இயங்குவன என்பதை மறத்தலாகாது. ஆம்பியர்-மணி குறைந்ததை வாங்கினால் விலை சற்றுக் குறையும்; ஆனால் செல்ப் ஸ்டார்ட்டர் கேட்கும் மின்சாரத்தை அதனால் நெடுநாள் தர இயலாது. கூடியதை வாங்குவதால் வண்டிக்குக் கேடில்லையாயினும் அது பெட்டியில் அடங்குவது அரிது. நீள அகல உயரத்தை அளந்துகொண்டு செல்க. புதியதையும் பழையதையும் ஒரே முகமாக அருகருகே வைத்து, கூட்டல் முனை ஒரே பக்கம் உள்ளதா என நோக்குக. இதனைப் பலர் பாராமல் வயரை இழுத்துக் கட்டி, பின்பு அது உரசி ப்யூஸ் போகக் கண்டிருக்கிறேன்.

திரவம் ஊற்றும் வகை வேண்டுமா, மூடிய வகை வேண்டுமா? முன்னது மலிவு. ஆயின் மாதந்தோறும் மட்டம் பார்த்து டிஸ்டில் வாட்டர் ஊற்ற வேண்டும். அமிலத்தை ஊற்றிய பின் முதல் சார்ஜ் முழுமையாக ஏற்றியே பூட்ட வேண்டும். அவசரக்காரருக்கும் மறதிக்காரருக்கும் மூடிய வகையே ஏற்றது. நான் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவன். லித்தியம் வகை எடை மிகக் குறைவாயினும் விலை அதிகம்; வண்டியின் ஊட்டம் அதற்குப் பொருந்துமெனத் தயாரிப்பாளர் குறிப்பிட்டாலன்றி அதனை நாடவேண்டாம்.

தயாரித்த தேதியைக் கேட்டறிதல் அவசியம். அலமாரியில் உறங்கும் பேட்டரியும் தானே வடிகிறது. வெப்பத்தில் இன்னும் விரைவாக வடியும். வடிந்தபடியே கிடந்தால் உள்ளே உள்ள ஈயத் தகடுகளின்மேல் உப்புப் படிந்து இறுகிவிடும். பின்னர்ச் சார்ஜ் ஏற்றினும் பழைய ஆற்றல் மீளாது. ஆறு மாதத்தைக் கடந்த சரக்கை, தள்ளுபடி தந்தாலும் நான் வாங்கேன். உத்தரவாத அட்டையில் பேட்டரியின் வரிசை எண், விற்ற தேதி, கடை முத்திரை மூன்றும் வேண்டும். எண்ணில்லாத ரசீதைத் தணிக்கையில் நாங்கள் எவ்வாறு நோக்குவோமோ அவ்வாறே உத்தரவாதம் தருவோரும் நோக்குவர்.

கழற்றும்போது முதலில் கழித்தல் முனையையும், பூட்டும்போது முதலில் கூட்டல் முனையையும் தொடுக. வண்டியின் இரும்புச் சட்டம் கழித்தலோடு இணைந்திருத்தலின், முறை மாறினால் ஸ்பானர் சட்டத்தில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

பழைய பேட்டரியைக் கடையில் ஒப்படைத்து அதன் ஈயத்திற்குரிய தொகையைப் புதியதன் விலையில் கழித்துக் கொள்க. 2022 ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதனைக் குப்பையில் கலத்தல் ஆகாது. கொண்டு செல்கையில் நிமிர்த்தியே வைக்கவும். நூல் மூட்டையோடு ஒரே பையில் ஒருபோதும் வைக்கவேண்டாம். கசிந்த அமிலத்தின் ஒரு துளி பருத்தி நூலில் அப்போது தெரியாமலிருந்து, பாவு பூட்டியபின் இழை இழையாக அறுந்து வெளிப்படும்.