விற்கும் மென்பொருளில் வெளியார் லைப்ரரிகள்: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஜிஎஸ்டி பில்லிங், குறிச்சி சிட்கோ பட்டறைக்கு ஸ்டாக் கணக்கு என்று டெஸ்க்டாப் மென்பொருள் எழுதித் தரும் சிறு நிரலர்கள் கொங்கு வட்டாரத்தில் உண்டு. பைதானில் எழுதுபவர் 'பிப்' மூலம் நாலைந்து லைப்ரரிகளை இறக்குவார். பைஇன்ஸ்டாலரில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி, பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். பிப், என்பிஎம், ஹோம்புரூ எதுவானாலும், பேக்கேஜ் மேனேஜர் தருவது உங்கள் கணினிக்கு ஏற்றதைத்தான். அதை இன்னொருவர் கணினிக்கு அனுப்பிய நிமிடம் முதல் அதற்குப் பொறுப்பு நீங்கள்.

படி 1: உள்ளே இருப்பதைப் பட்டியல் போடுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் தனி வர்ச்சுவல் என்விரான்மென்ட் வைத்துக்கொண்டு 'பிப் ஃப்ரீஸ்' கொடுங்கள். நீங்கள் கேட்டது ஐந்து என்றால், அவை தம் பங்குக்கு இழுத்துவந்தவையும் அதில் தெரியும். பதிப்பு எண்களைப் பூட்டிவையுங்கள். அனுப்பும் நாளன்று எதையும் புதுப்பிக்காதீர்கள்.

2018-ல் என்பிஎம்மின் 'ஈவன்ட்-ஸ்ட்ரீம்' லைப்ரரியின் பராமரிப்பைப் பெற்ற ஒருவர், 'ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம்' என்ற துணை லைப்ரரியை அதனுடன் சேர்த்தார். அதிலிருந்த திருட்டு நிரலின் குறி, கோபே என்ற பிட்காயின் வாலட். அந்நிரல் கோபேயின் 5.0.2 முதல் 5.1.0 வரையிலான பதிப்புகளோடு பயனர்களிடம் போயே விட்டது. கோபேயை எழுதியவர்கள் அந்தத் துணை லைப்ரரியைக் கேட்டு வாங்கவில்லை. அது தானாக வந்து சேர்ந்தது.

படி 2: வாடிக்கையாளரின் கணினியில் ஓட்டிப் பாருங்கள்

மில்லிலும் பவுண்டரியிலும் பில் போடும் கணினி விண்டோஸ் 7-ஆக இருக்கலாம். பைதான் 3.9 முதல் விண்டோஸ் 7-ல் ஓடாது. உங்கள் விண்டோஸ் 11-ல் ஒழுங்காக ஓடிய கோப்பு, அங்கே 'பைதான் டிஎல்எல்-ஐ ஏற்ற முடியவில்லை' என்று நின்றுவிடும். இணையத்தில் தேடி, காணாமல்போன டிஎல்எல்-ஐ எங்கிருந்தோ இறக்கிப் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வைரஸ் நுழைவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. பைதான் 3.8-க்கு இறங்குவதும் நிரந்தரத் தீர்வல்ல. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன. கணினியை மாற்றச் சொல்வதே நேர்மை.

லினக்ஸில் பழைய பதிப்பில் கட்டுங்கள். உபுண்டு 22.04-ல் கட்டியது, லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.35-ஐக் கேட்டால், 2.31 இருக்கும் 20.04-ல் திறக்காது. மேக்கில், ஹோம்புரூ லைப்ரரியோடு இணைத்த செயலி வேறு கணினியிலும் ஹோம்புரூ ஃபோல்டரையே தேடும். பாதையை மாற்றினால் டிஜிட்டல் கையொப்பத்தையும் மறுபடி போட வேண்டும்.

படி 3: உரிமத்தைப் படியுங்கள்

இலவசமாக இறக்கியதாலேயே விற்கலாம் என்று பொருளில்லை. பைக்யூடி ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. மூலநிரலைத் தராமல் விற்க வணிக உரிமம் வாங்க வேண்டும். பிடிஎஃப் வேலைக்கான பைமுபிடிஎஃப் ஏஜிபிஎல், அதற்கும் இதே கதைதான். பைசைடு எல்ஜிபிஎல் என்பதால் வசதி. ஆனால் ஒரே கோப்பாகக் கட்டாமல் ஃபோல்டராகக் கொடுங்கள், லைப்ரரியை மாற்றிக்கொள்ளும் உரிமை வாடிக்கையாளருக்கு இருக்க வேண்டும்.

படி 4: ஓட்டை வெளியானால் யார் அடைப்பது?

2023 செப்டம்பரில் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி லைப்ரரியில் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. குரோம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. எலக்ட்ரானில் கட்டிய செயலிகளோ தத்தம் வயிற்றில் ஆளுக்கொரு பிரதி வைத்திருந்ததால், ஒவ்வொன்றும் புதுப் பதிப்பு விட வேண்டியதாயிற்று. உங்கள் மென்பொருளும் அப்படித்தான். மாதம் ஒருமுறை 'பிப்-ஆடிட்' ஓட்டிப் பாருங்கள்.

அரசுத்துறைக்கோ வெளிநாட்டுக்கோ விற்க நினைப்பவர்கள், மென்பொருளின் உட்பொருள் பட்டியல் (எஸ்பிஓஎம்) பற்றி இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலைப் படித்துவிடுங்கள்.

இணையமே இல்லாத மில் கணினிக்குத் திருத்தம் உங்கள் கையால்தான் போய்ச் சேரும். அதனால் அடுத்த ஏஎம்சி ஒப்பந்தத்தில் லைப்ரரி புதுப்பிப்பைத் தனி வரியாகச் சேர்த்து, அதற்கான கட்டணத்தையும் கேட்டு வாங்குங்கள்.