பழுதுக்குப் பொறுப்பு யார்?

பானை வாங்குவோர் அதனைச் சுண்டி ஓசை கேட்பர். மாடு பிடிப்போர் பல்லைப் பார்த்து வயதை அறிவர். சுழியைப் பார்த்துக் குணத்தை ஊகிப்பர். பொருளின் குற்றங்குறைகளை வாங்குவோனே ஆராய்ந்து அறிதல் வேண்டும் என்பது சந்தையின் பழைய நெறி. பானைக்கும் மாட்டுக்கும் அந்நெறி ஒருவாறு பொருந்தும். மோட்டார் காருக்கு அஃது எங்ஙனம் பொருந்தும்? பல்லாயிரம் உறுப்புகள் இரும்புத் தகட்டினுள் மறைந்து கிடக்கின்றன. வண்ணப் பூச்சின் பளபளப்பும் இருக்கையின் மென்மையுமே வாங்குவோன் கண்ணுக்குப் புலனாவன. உள்ளே ஒரு மரை தளர்ந்திருப்பினும் அவன் அறியான்; விற்பவரும் பல வேளைகளில் அறியார். ஓடத் தொடங்கிய பின்னர் வண்டியே அதனை அறிவிக்கும். அது நெடுஞ்சாலையின் நடுவே அறிவிக்குமாயின், உயிருக்கே இடையூறு நேரும்.

இவ்வாறு புது வண்டியில் பழுது தோன்றினால் அதற்கு விடையிறுக்க வேண்டியவர் யார்? விற்ற வணிகரா? செய்த தொழிற்சாலையாரா? அன்றி, பணம் கொடுத்து வாங்கியவரே தம் தலைவிதி என்று இருந்துவிட வேண்டுவதுதானா? மோட்டார் கார்கள் பெருகிய அமெரிக்க நாட்டில் இவ்வினா நீதிமன்றங்களின்முன் பலமுறை வந்து நின்றது. விடை ஒரு நாளில் கிடைத்துவிடவில்லை.

கார் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே, குதிரை வண்டிக் காலத்தில், இதனையொத்த வழக்கொன்று இங்கிலாந்தில் எழுந்தது. அஞ்சல் வண்டியை ஓட்டிச் சென்ற ஒருவர், வண்டி உடைந்தமையால் கீழே விழுந்து கால் ஊனமுற்றார். வண்டிகளைச் செவ்வையாகப் பேணித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தவர்மீது அவர் வழக்குத் தொடுத்தார். அவ்வொப்பந்தம் அஞ்சல் துறைத் தலைவருடன் செய்யப்பட்டதே அன்றி, வண்டியோட்டியுடன் செய்யப்பட்டதன்று. ஆகவே வண்டியோட்டிக்கு வழக்காடும் உரிமை இல்லை என 1842-ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவனுக்கே உரிமை உண்டு. கால் ஊனமுற்றவனுக்கு இல்லை! இத்தீர்ப்பின் நிழல் கடல் கடந்து அமெரிக்காவிலும் நெடுங்காலம் படிந்திருந்தது.

நியூயார்க் மாநிலத்தில் மக்பர்சன் என்னும் கல்தச்சர் 1910-ஆம் ஆண்டில் ஒரு பியூக் காரை வாங்கினார். ஸ்கெனெக்டடி நகரத்து வணிகர் ஒருவரிடமிருந்தே அதனை வாங்கினார்; தொழிற்சாலையாரிடம் நேரே வாங்கவில்லை. அக்காலத்துக் கார்களின் சக்கரங்களுக்கு மரத்தால் ஆகிய ஆரக்கால்கள் இருந்தன. ஒரு நாள் அவர் சென்றுகொண்டிருந்தபொழுது ஒரு சக்கரத்தின் ஆரக்கால்கள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. வண்டி சரிந்தது, அவர் வெளியே தூக்கி எறியப்பட்டுக் காயமுற்றார். வண்டி விரைந்து சென்றதா என்றால், அதுவும் இல்லை. மணிக்கு எட்டு மைல் வேகத்திலேதான் சென்றது.

மக்பர்சன் பியூக் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். “சக்கரத்தை நாங்கள் செய்யவில்லை, நற்பெயர் பெற்ற வேறொரு தொழிற்சாலையிலிருந்து வாங்கினோம். வண்டியையோ நாங்கள் வணிகருக்கு விற்றோமேயன்றி, இவருக்கு விற்கவில்லை” என்பது நிறுவனத்தின் வாதம். அந்தச் சக்கரத் தொழிற்சாலை எண்பதாயிரம் சக்கரங்களை அளித்திருந்தது. அவற்றுள் ஒன்றேனும் அதுவரை மரக்குற்றம் உடையதாகக் காணப்பட்டதில்லை. வாதம் வலிமையுடையது போலவே தோன்றியது.

1916-ஆம் ஆண்டில் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் சார்பில் தீர்ப்பெழுதியவர் பெஞ்சமின் கார்டோசோ என்னும் நீதிபதி. மூவர் அமரும் இருக்கை உடைய வண்டியை வணிகர் வாங்கியது தாம் ஏறிச் செல்வதற்கோ என்று அவர் ஆராய்ந்தார். அவ்வண்டியில் ஏறிச் செல்லமாட்டார் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் உலகில் ஒருவர் உண்டெனின், அவர் அவ்வணிகரே. அவருக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு, ஏறிச் செல்வோருக்கு இல்லை என்பது பொருந்துமோ? மணிக்கு ஐம்பது மைல் ஓடுவதற்கென அமைத்த வண்டியில் சக்கரம் உறுதியற்றிருப்பின் உயிருக்கு ஊறு நேரும் என்பதைச் செய்தவர் அறிவார். சக்கரத்தைத் தக்கவாறு சோதித்திருந்தால் குற்றம் வெளிப்பட்டிருக்கும், சோதனை நடைபெறவில்லை. எனவே நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. குதிரை வண்டிக் காலத்துத் தீர்ப்புகளைக் கொண்டு மோட்டார்க் காலத்து வழக்குகளை அளத்தல் தகாது என்பதையும் அவர் தெளிவாக்கினார்.

இதனால் வாங்குவோரின் துன்பம் தீர்ந்துவிட்டதா? இல்லை. பழைய கதவு அடைபட்டதும் நிறுவனங்கள் புதிய கதவு ஒன்றைத் திறந்துகொண்டன. அக்கதவு காகிதத்தால் ஆனது.

நியூஜெர்சி மாநிலத்தில் ஹென்னிங்சன் என்பார் 1955-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள், அன்னையர் நாள் பரிசாகத் தம் மனைவிக்கு அளிக்கும் பொருட்டுப் பிளிமத் கார் ஒன்றை வாங்க ஒப்பந்தம் செய்தார். 9-ஆம் நாள் வண்டி கைக்கு வந்தது. 19-ஆம் நாள் அவ்வம்மையார் தனியே வெளியூர் சென்று திரும்பிக்கொண்டிருந்தார். சாலை சமமானது, வேகம் மணிக்கு இருபது மைலுக்குச் சற்று மேல். திடீரென்று வண்டியின் முன்புறத்தின் அடியிலிருந்து பெருத்த ஓசை எழுந்தது. ஏதோ முறிந்தாற்போலிருந்தது. கையிலிருந்த ஸ்டீயரிங் சக்கரம் தானே சுழன்றது. வண்டி வலப்புறம் பாய்ந்து செங்கற் சுவரில் மோதியது. அதுவரை ஓடியிருந்த தொலைவு 468 மைலே. முன்புறம் முழுதும் நொறுங்கிப்போனமையால், எந்த உறுப்பு முன்னரே பழுதுபட்டிருந்தது என்று கண்டறியவும் இயலவில்லை. பொறியில் ஏற்பட்ட கோளாறே காரணமாதல் வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் கூறினார்.

கணவனும் மனைவியும் வணிகரையும் கிறைஸ்லர் நிறுவனத்தையும் நீதிமன்றத்துக்கு அழைத்தனர். அவர்கள் ஒப்பந்தத் தாளை எடுத்து நீட்டினர். அத்தாளைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். விலையும் வண்டியின் வகையும் பெரிய எழுத்தில் இருந்தன. கீழே செல்லச் செல்ல எழுத்துச் சிறுத்துக்கொண்டே போயிற்று. கையெழுத்திடும் இடத்தை அணுகும்போது மிகச் சிறிய எழுத்தில், பின்பக்கத்தில் உள்ளவற்றையும் படித்து ஒப்புக்கொண்டதாக ஒரு செய்தி. பின்பக்கமோ முழுதும் நுண்ணிய எழுத்து. அங்கேதான் உத்தரவாதம் என்பது இருந்தது. தொண்ணூறு நாள் அல்லது நாலாயிரம் மைல், இவற்றுள் எது முந்துகிறதோ அதற்குள் பழுதான உறுப்பை வாங்கியவர் தம் செலவிலேயே தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். அது குற்றமுடையது என்று தொழிற்சாலையார் மனநிறைவு கொண்டால் மாற்று உறுப்புத் தருவர். இதனைத் தவிர வேறெந்தப் பொறுப்பும் எவருக்கும் இல்லை. சுவரில் மோதிக் காயமுற்றவரிடம், முறிந்த உறுப்பைக் கட்டணம் செலுத்தி அனுப்பிவையுங்கள் என்று கூறும் உத்தரவாதத்தை என்னென்பது!

ஹென்னிங்சன் அந்நுண்ணெழுத்தைப் படிக்கவில்லை. எவரும் அதனைச் சுட்டிக்காட்டவும் இல்லை. படித்திருந்தால் மட்டும் என்ன பயன்? பெரும்பான்மையான கார் நிறுவனங்கள் தம் சங்கத்தின் வாயிலாக ஒரே வாசக உத்தரவாதத்தை வகுத்துக்கொண்டிருந்தன. 1958-ஆம் ஆண்டில் அந்நாட்டில் செய்யப்பட்ட பயணக் கார்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கு மேல் மூன்றே நிறுவனங்கள் செய்தவை. இந்தக் கடையில் வேண்டாம் என்று அடுத்த கடைக்குச் சென்றாலும் அதே தாள்தான் நீட்டப்படும். பேரம் பேச இடமில்லாத இடத்தில் ஒப்புதல் என்பதற்குப் பொருள் இல்லை.

நியூஜெர்சி உயர்நீதிமன்றம் 1960-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள், வண்டி கைக்கு வந்து சரியாக ஐந்தாண்டு நிறைந்த நாளில், தீர்ப்புக் கூறியது. விற்கப்படும் பொருள் அதற்குரிய பயனுக்குத் தகுதியுடையதாய் இருக்கும் என்னும் உறுதி ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கியிருக்கிறது. அதனை நுண்ணெழுத்தால் அழித்தல் மக்கள் நலத்துக்கு மாறானது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத மனைவிக்கும் அவ்வுறுதி உரியதே என்று நீதிபதி பிரான்சிஸ் எழுதினார். வணிகர், தொழிற்சாலை ஆகிய இருவருமே பொறுப்பாயினர்.

உடல் ஊறுபட்டவர்க்கு இவ்வாறு வழி பிறந்தது. எனினும், நாள்தோறும் எழும் பூசல்கள் பெரும்பாலும் வேறு வகையின. எவரும் காயமுறுவதில்லை, வண்டிதான் ஓடுவதில்லை. 1967-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதே மாநிலத்தில் ஒருவர் புதிய ஷெவ்ரொலே காரை வாங்கினார். அவர் மனைவி அதனை விற்பனை நிலையத்திலிருந்து வீட்டிற்கு ஓட்டிச் சென்றார். வழி இரண்டரை மைல். முக்கால் மைல் செல்வதற்குள் விளக்குக் கம்பத்தருகே வண்டி நின்றது; கிளப்பினால் சில அடியில் மீண்டும் நின்றது. பாதி வழியில் கியர் வேலை செய்யவில்லை. மிகக் குறைந்த கியரில் ஊர்ந்து ஊர்ந்தே வீடு சேர வேண்டியதாயிற்று. கணவர் உடனே வங்கியை அழைத்துக் காசோலைக்குப் பணம் தரவேண்டாம் என நிறுத்தினார். வணிகரை அழைத்து விற்பனையை முறித்துக்கொண்டார்.

வணிகரும் வாளாவிருக்கவில்லை. மறுநாளே வண்டியை இழுத்துச் சென்று, காட்சிக்கு வைத்திருந்த மற்றொரு காரின் கியர்ப் பெட்டியைக் கழற்றி இதில் பொருத்தி, வந்து பெற்றுக்கொள்க என்றார். அவர் பக்கத்திலும் சிறிது நியாயம் உண்டு. பழுது நேர்ந்ததும் வணிகர் அதனை நீக்க முன்வருவது குற்றமன்று. சிறு குறைக்கெல்லாம் விற்பனை முறியுமாயின் வணிகம் நடைபெறாது. ஆயினும் 1968-ஆம் ஆண்டில் நீதிமன்றம் வாங்கியவர் பக்கமே நின்றது. பெரும்பாலோர்க்கு வீட்டிற்கு அடுத்தபடி வாழ்நாளில் வாங்கும் பெரும் பொருள் கார். அதன்மீது கொண்ட நம்பிக்கை ஒருமுறை ஆட்டங்கண்டால், அது வெறும் இரும்பாகவே தோன்றும். தொழிற்சாலையில் பொருத்தப்படாத, வேறொரு வண்டியிலிருந்து வந்த உறுப்பைக் கொண்டு அந்நம்பிக்கையை மீட்டல் இயலாது என்று நீதிபதி கருதினார்.

அன்று அம்மனிதர் வணிகரிடம் கூறிய சொல் ஒன்று உண்டு: “எலுமிச்சம்பழத்தை என் தலையில் கட்டிவிட்டீர்கள்.” புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி நன்மை வேண்டுவது நம் வழக்கம். அமெரிக்கரோ ஓயாது பழுதாகும் வண்டியையே எலுமிச்சம்பழம் என்பர்.

பணத்தை முன்னரே செலுத்திவிட்டவர்க்குக் காசோலையை நிறுத்தும் வழி இல்லை. அவர் பட்டறைக்கும் வீட்டிற்குமாக நடப்பார். “வண்டி எல்லாம் அப்படித்தான் ஓசையிடும்” என்பர் ஒரு நாள்; “உறுப்பு இன்னும் வரவில்லை” என்பர் மறுநாள். வணிகர் தொழிற்சாலையைக் காட்டுவார். தொழிற்சாலை வணிகரைக் காட்டும். எத்துணை முறை பழுது பார்த்தால் போதும் என்பதற்கு அளவே இல்லாதிருந்தது. கனெக்டிகட் மாநிலம் 1982-ஆம் ஆண்டில் அவ்வளவைச் சட்டமாக்கியது. குறித்த காலத்துக்குள் ஒரே பழுதை நான்கு முறை பார்த்தும் தீராவிடினும், பழுதுக்காக வண்டி மொத்தம் முப்பது நாள் பட்டறையில் கிடப்பினும், தொழிற்சாலையார் வேறு வண்டி தருதல் வேண்டும். அல்லது பணத்தைத் திருப்பித் தருதல் வேண்டும். எலுமிச்சைச் சட்டம் என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. பின்னர் ஐம்பது மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் தோன்றின. அளவுகள் மட்டும் இடத்துக்கிடம் வேறுபடும்.

இச்சட்டத்தின்கீழ் வாங்கியவர்க்குப் படைக்கலமாவது பட்டறைச் சீட்டே. வண்டி உள்ளே சென்ற நாள், வெளிவந்த நாள், ஓடியிருந்த மைல், கூறிய குறை ஆகியவை அதில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். வாய்மொழியாகக் கூறிய குறை கணக்கில் ஏறுவது அரிது. மும்முறை ஒரே குறையைச் சொல்லியும் சீட்டில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்குமாயின், அது ஒரே பழுதா, மூன்று பழுதுகளா என்பதே புதிய வழக்காகிவிடும்.

திரும்பப் பெற்ற வண்டியைத் தொழிற்சாலையார் செப்பனிட்டு மற்றொருவருக்கு விற்கலாம். ஆயினும் மறைத்து விற்றல் ஆகாது. கலிபோர்னியாவில் அத்தகைய வண்டியின் உரிமைப் பத்திரத்தில் அச்செய்தி பொறிக்கப்படும். ஓட்டுநர் பக்கத்துக் கதவின் நிலைச் சட்டத்திலும் அடையாளச் சீட்டு ஒன்று ஒட்டப்படும். கதவைத் திறந்து குனிந்து நோக்குவோர் எவரும் அதனைப் படித்துக்கொள்ளலாம்.