எல்லையும் எண்ணிக்கையும்
போடிமெட்டுப் பகுதியில் கொள்ளைநோய்க்காலக் கட்டுப்பாடும் படிப்படியான தளர்வும்

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை, மலையடிவாரத்திலுள்ள முந்தலைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகள் பலவற்றில் ஏறிப் போடிமெட்டை அடைகிறது. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. அப்பாலுள்ள உடும்பன்சோலைத் தாலுகாவின் ஏலத்தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்து ஆண்களும் பெண்களும் விடியுமுன் ஜீப்புகளில் ஏறிச் சென்று, மாலையில் திரும்புவது நெடுங்கால வழக்கம். அவர்களுக்கு வீடு ஒரு மாநிலத்திலும் கூலி மற்றொரு மாநிலத்திலுமாக அமைந்துள்ளன. இத்தகைய இடத்தில் தொற்றுநோய்த் தடுப்பு விதி ஒன்று பிறப்பிக்கப்படும்போது, அவ்விதி ஒரு தொழிலாளியை எவ்வூராராக எண்ணுகிறது என்னும் வினா எழுந்தே தீரும். கோவிட் நோய்க்காலத்தில் கேரள அரசு மேற்கொண்ட நடவடிக்கைகளை இவ்வினாவின் வழியே ஆராய்வது களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் பயன் தரும்.

இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி 2020 ஜனவரி 30-ஆம் நாள் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டார். அவர் சீனாவின் வூகான் நகரிலிருந்து திரும்பிய மாணவர். 2018-இல் கோழிக்கோட்டுப் பகுதியில் நிப்பா நோயை எதிர்கொண்ட அனுபவம் அம்மாநிலத்துச் சுகாதாரத் துறைக்கு இருந்தமையால், தொடர்பில் வந்தோரைத் தேடிக் கண்காணிக்கும் முறை விரைவில் இயங்கத் தொடங்கிற்று. மார்ச் 23-இல் மாநில அளவிலும், அதற்கு மறுநாள் நள்ளிரவு முதல் நாடு முழுவதிலும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. போடிமெட்டுச் சாவடி அடைபட்டது.

தளர்வின் முதற்படி ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் தொடங்கியது. மாநிலத்தின் 14 மாவட்டங்களும் நான்கு மண்டலங்களாக வகுக்கப்பட்டன. காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு, மலப்புறம் ஆகியவை சிவப்பு. ஆரஞ்சு நிறத்தில் இரு பிரிவுகள். பாலக்காடு அவற்றுள் இரண்டாவதில் வைக்கப்பட்டது. கோட்டயமும் இடுக்கியும் மட்டுமே பச்சை. இடுக்கியில் அதுவரை கண்டறியப்பட்டிருந்த சிலரும் குணமடைந்திருந்தனர் என்பதே அதன் காரணம். ஆயினும் பச்சை மண்டலத்திலும் மாநில எல்லையும் மாவட்ட எல்லையும் திறக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இதனால் நேர்ந்த நிலை விசித்திரமானது. தேயிலை, காப்பி, இரப்பர்த் தோட்டங்களில் பாதித் தொழிலாளர்க்கு மிகாமல் வேலை நடத்தலாம் என மத்திய அரசின் ஏப்ரல் 15-ஆம் நாள் நெறிமுறை இடமளித்தது. தோட்டக் குடியிருப்புகளில் வசிப்போர்க்கு அத்தகைய தளர்வால் பயன் உண்டு. நாள்தோறும் எல்லை கடந்து வரும் ஏலத்தோட்டத் தொழிலாளிக்கோ, வேலை செய்யுமிடம் பச்சையாயினும் சிவப்பாயினும் வேறுபாடு இல்லை. அவர் வீட்டிலேயே இருக்க வேண்டியவரானார். கோடைமழை பெய்தவுடன் ஏலச்செடியின் காய்ந்த தட்டைகளை நீக்குதல், களையெடுத்தல் ஆகிய பணிகள் காத்திருக்கமாட்டா. தோட்டமுடையோர்க்கு அது பயிர் இழப்பு. தொழிலாளிக்கு அது அடுப்பெரியாமை.

ஆதலின், சிலர் காட்டுப் பாதைகளின் வழியே மலையேறினர். இரு மாநிலத்துக் காவல் துறையினரும் வனத்துறையினரும் அப்பாதைகளைக் கண்காணிக்க நேர்ந்தது. இதனைச் சட்டமீறல் என்று மட்டும் கருதிவிடுதல் நோயியல் நோக்கில் போதாது. சாவடி வழியே செல்வோரின் பெயர், ஊர், செல்லுமிடம் ஆகியவை பதிவாகின்றன. பின்னர் நோய் கண்டால் உடன் சென்றோரைத் தேடிப் பிடிக்கலாம். காட்டு வழியே செல்வோர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வழியை முற்றிலும் அடைக்க இயலாத இடத்தில், கணக்கில் வரும் வழியைக் குறுக்கினால் கணக்கில் வராத வழி அகலமாகிறது.

சாவடிச் சோதனையின் வரம்பும் அறியத்தக்கது. கிருமி உடலில் புகுந்ததற்கும் அறிகுறி தோன்றுவதற்கும் இடையே, தொடக்ககால வகைகளில் பெரும்பாலும் ஐந்து நாள் அளவும், சிலரிடத்துப் பதினான்கு நாள் வரையும் சென்றது. அறிகுறி தோன்றுவதற்கு இரண்டொரு நாள் முன்னரே ஒருவர் பிறர்க்கு நோயைப் பரப்ப வல்லவராகிறார். எனவே நெற்றியில் வெப்பமானி காட்டிப் பார்ப்பது காய்ச்சலுள்ளோரை மட்டுமே பிரித்துக் காட்டும். கேரளம் தொடக்கத்தில் 28 நாள் வரை கண்காணிப்பை நீட்டியதற்கு இந்த ஐயமே காரணம். நாள்தோறும் எல்லை கடப்போர்க்கு அவ்விதியைப் பொருத்துவது எங்ஙனம்? முதல் நாளே அவர் வேலை இழப்பார்.

இடுக்கியின் பச்சை நிறம் ஒரு வாரத்திற்கு மேல் நீடிக்கவில்லை. புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டனர். அயல் மாநிலத்திலிருந்து திரும்பியோரும் அவர்களுள் இருந்தனர். ஏப்ரல் 27-இல் இடுக்கியும் கோட்டயமும் சிவப்பு மண்டலங்களாயின. நோயாளி இல்லை என்பதும் நோய்வாய்ப்படும் அபாயம் இல்லை என்பதும் ஒன்றல்ல என இது காட்டியது. மே மாதத் தொடக்கத்தில், இணையவழி அனுமதி பெற்ற வெளிமாநிலவாசிகள் திரும்புவதற்கு இடுக்கியில் குமுளி, பாலக்காட்டில் வாளையாறு உள்ளிட்ட ஆறு சாவடிகள் குறிக்கப்பட்டன. ஊர் திரும்புவோர்க்கு வகுத்த அம்முறை, நாள்தோறும் சென்று மீளும் தொழிலாளரின் தேவைக்குப் பொருந்துவதன்று.

இரண்டாம் அலையின்போது கேரள அரசு அளவுகோலையே மாற்றியது. 2021 மே 8 முதல் ஜூன் 16 வரை மாநில ஊரடங்கு நடந்த பின், மாவட்டத்திற்குப் பதிலாக உள்ளாட்சி அமைப்பு அலகாகக் கொள்ளப்பட்டது. சோதிக்கப்பட்ட நூற்றுவருள் நோயுற்றோர் எத்தனை என்னும் விகிதம் எட்டுக்குக் குறைந்த ஊராட்சிகளில் கூடுதல் தளர்வு, முப்பதைத் தாண்டியவற்றில் முழுக் கட்டுப்பாடு, இடைப்பட்டவை இரு பிரிவுகள் என வகுத்தனர். அலகு சிறிதானது நன்மையே. ஒரு மூலையில் தோன்றிய நோய்க்காக மாவட்டம் முழுவதும் கதவடைக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்விகிதத்தில் ஒரு குறை உண்டு.

எடுத்துக்காட்டாக, 25,000 மக்கள் வாழும் ஊராட்சி ஒன்றைக் கற்பனையாகக் கொள்க. ஒரு வாரத்தில் 1,000 பேரைச் சோதித்து 100 நோயாளிகளைக் கண்டனர். சோதனை விகிதம் 10 சதவீதம். அடுத்த வாரம் 2,000 பேரைச் சோதித்து 150 பேரைக் கண்டனர், விகிதம் 7.5 சதவீதம். ஊராட்சி தளர்வுப் பிரிவுக்குச் சென்றுவிடுகிறது. நோயாளிகளோ 100-லிருந்து 150 ஆகியுள்ளனர். மாறாக, வாரத்தில் ஆயிரம் மக்களுக்கு எத்தனை புதிய நோயாளிகள் எனக் கணக்கிட்டால் முதல் வாரம் 4, அடுத்த வாரம் 6. கீழெண்ணாகச் சோதனைத் தொகையை வைப்பதா, மக்கள்தொகையை வைப்பதா என்பதே இங்கு வேறுபாடு. 2021 ஆகஸ்டுத் தொடக்கத்தில் கேரளம் இந்த இரண்டாம் கணக்கிற்கு மாறியது. ஆயிரத்துக்குப் பத்தைத் தாண்டிய பகுதிகளில் மட்டும் கடுமையான கட்டுப்பாடு என முதலில் வரையறுத்தது. வகுப்பறையில் விகிதக் கணக்கு கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த உதாரணம் கிட்டுவது அரிது. இக்கணக்கிற்கும் குறையுண்டு: சோதனை குறைந்தால் நோயாளி எண்ணிக்கையும் மறைந்துபோகும்.

அக்காலத்தில் நாட்டில் அன்றாடம் பதிவான புதிய நோயாளிகளுள் சுமார் பாதிப்பேர் கேரளத்தவர். இது தோல்வியா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2021 ஜூன், ஜூலையில் நடத்திய இரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பு ஒரு விளக்கம் தருகிறது. ஆறு வயதுக்கு மேற்பட்டோருள் எதிர்ப்பொருள் பெற்றிருந்தவர் நாடு முழுவதும் 67.6 சதவீதம், கேரளத்தில் 44.4 சதவீதமே. நோய் மெதுவாகப் பரவ விடப்பட்டமையால், இன்னும் அதனைக் காணாத மக்கள் அங்கே மிகுதியாக எஞ்சியிருந்தனர். தடுப்பூசி வரும்வரை காலத்தை வாங்கிய முயற்சி என அதனை மதிப்பிடலாம். எனினும் மரணக் கணக்கு முதலில் குறைவாகவே பதிவாகி, மேல்முறையீடுகளுக்குப் பின் உயர்ந்து, இறுதியில் 70,000-ஐத் தாண்டியது என்பதையும் உடன் வைத்தே நோக்குதல் வேண்டும்.

2020-இல் மலையேறுவோர் தடுக்கப்பட்டனர். 2021-இல் இறங்குவோர் நிறுத்தப்பட்டனர். கேரளத்திலிருந்து வருவோர் நோயின்மைச் சான்றோ இரு தவணைத் தடுப்பூசிச் சான்றோ காட்ட வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு ஆகஸ்டு 5 முதல் விதித்தது. ஒரே தொழிலாளி காலையில் ஒரு மாநிலத்திற்கும் மாலையில் மற்றொரு மாநிலத்திற்கும் அயலாராய் நிற்கும் நிலை இது. அவர் தோட்டத்தில் நோய் பெற்றுப் போடியில் சோதிக்கப்பட்டால், ஒரு மாநிலத்து நோய்ப்பெருக்கம் மற்றொன்றின் ஏட்டில் ஏறுகிறது; தோட்டமுள்ள ஊராட்சியின் மக்கள்தொகையிலும் அவர் பெயர் இல்லை.

எல்லைப்புறச் சுகாதார நிலையங்களில் பணிபுரிவோர், காய்ச்சல் கண்டவரின் பதிவில் வீட்டு முகவரியோடு வேலை செய்யும் தோட்டத்தின் பெயரையும், ஏறிச்சென்ற ஜீப்பையும், உடன் அமர்ந்தோரையும் எழுதுவது இக்காரணத்தால் இன்றியமையாதது. நெருங்கி அமர்ந்து, மழைக்குத் திரையை இறக்கிக்கொண்டு நெடுநேரம் செல்லும் அவ்வண்டியில் மூச்சுக்காற்றின் வழிப் பரவும் நோய்க்கு வாய்ப்பு மிகுதி. அப்பட்டியலின் ஒரு படி, மலையின் மறுபக்கத்துச் சுகாதார நிலையத்திற்கும் அன்றே சென்று சேர வேண்டும்.