மகுவும் மக்கவும்

கன்னடத்தில் குழந்தை ‘மகு’, தறி ‘மக்க’. இத்தனை வருஷம் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் குடியிருந்தும் என் வாயில் இரண்டும் ஒரே மாதிரிதான் வரும். வீட்டுக்கு ‘மக்க’ வந்திருக்கிறது என்று நான் சொன்னதைக் கேட்டுக் கீழ்வீட்டு அம்மா, பேரன் பிறந்துவிட்டான் என்று சர்க்கரைக் கிண்ணத்தோடு மாடியேறி வந்துவிட்டார். கூடத்தில் நின்றது மரத்தறி. நான்கு மிதி, 40 அங்குல அச்சு.

தறிச் சத்தத்துக்குப் பழகியது பழைய பேட்டைப் பக்கம், கப்பன்பேட்டைத் தெருக்கள். மல்லேஸ்வரமோ 1898 பிளேக்குக்குப் பிறகு, நெரிசலை விட்டு ஜனங்கள் காற்றோட்டம் தேடி வந்து பெருகிய இடம். இங்கே வீட்டுக்குள் தறி என்றால் வேடிக்கை பார்க்க வருவார்கள்.

குழந்தைக்குப் பருத்திப் போர்வை நெய்யலாம் என்று முதலில் உட்கார்ந்தபோது கணக்கில்தான் சறுக்கினேன். 30 அங்குல அகலம் வேண்டுமென்று பாவையும் 30 அங்குலத்துக்கே போட்டேன். ஊடை உள்ளே இழுத்ததில் தறியிலிருந்து இறக்கும்போதே இருபத்தெட்டரை. ஒரு சலவை ஆனதும் 26. போர்வை என்று ஆரம்பித்தது துண்டாக முடிந்தது. இப்போதெல்லாம் 36 அங்குலத்துக்குப் பாவு போடுகிறேன். துவைத்து எடுத்தால் 31 நிற்கிறது. நூல் பத்தாம் நம்பர் இரட்டை இழை. (ஒரு பவுண்டு நூலில் எத்தனை 840 கஜம் இருக்கிறதோ அதுதான் நம்பர், நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.) அங்குலத்துக்கு 24 இழை, ஆக 864 இழை. நாலு மீட்டர் பாவில் மூன்று போர்வை வரும்; பாவு, ஊடை எல்லாம் சேர்த்து முக்கால் கிலோ நூல் போதும். ஒரே ஒரு போர்வைக்காகப் பாவு கட்டாதீர்கள். கட்டுவதற்கும் கடைசியில் வெட்டி எறிவதற்கும் போகிற நூல் ஒன்றுக்கும் மூன்றுக்கும் ஒன்றேதான்.

இழை அறுவதுதான் அடுத்த தலைவலி. சென்னிமலையில் எனக்கு நெசவு சொல்லிக்கொடுத்த பெரியவர் பாவின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிக் காட்டுவார். “கயித்துக் கட்டில் மாதிரி குடுக்கோணுமுங்க அம்மணி, தந்தி மாதிரி நிக்கக் கூடாது.” அதைக் கேட்டும் பெங்களூரின் பிப்ரவரி, மார்ச்சில் இழைகள் படபடவென்று அறுந்தன. காரணம் காற்று. பருத்தி ஈரத்தில் பலம் கூடுகிற நூல். இங்கே அந்த மாதங்களில் காற்று காய்ந்து கிடக்கும். அதனால் காலையில் சீக்கிரமே உட்கார்ந்துவிடுகிறேன், தறிக்கு அடியில் ஈரச் சாக்கு ஒன்றை விரித்துவைத்து.

சாயத்தில் பட்ட அடி பெரியது. சிக்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு நூல் வாங்கி, வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவே பட்டை பட்டையாகக் கொடுத்து நெய்தேன். வாளியில் போட்டதும் தண்ணீர் பீட்ரூட் சாறு. வெள்ளையெல்லாம் ரோஸ். “கெட்டிச் சாயம்” என்று கடைக்காரர் சொன்ன சொல்லைத் தவிர எதுவும் கெட்டியாக இல்லை. உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். செய்து பார்த்தேன், பருத்தியில் அது பலிக்காது. இப்போது நெய்வதற்கு முன்பே ஒரு முழ நூலை நனைத்து, வெள்ளை மல் துணிக்குள் மடித்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திவிடுகிறேன். துணியில் கறை தெரிந்தால் அந்த நூல் திரைச்சீலைக்குப் போகும். குழந்தை போர்வையைப் போர்த்திக்கொள்வதைவிட வாயில் வைத்துச் சப்புவதுதான் அதிகம். புற்றுநோய் அச்சத்தால் பலவகை அஸோ சாயங்களை அரசு 1997-லேயே தடை செய்தது. ஆனாலும் பெயரில்லாத சிட்டத்தை நம்ப எனக்கு மனம் வருவதில்லை. விலை கூடினாலும், சலவையில் போகாத வேட் (vat) சாயம் ஏற்றிய நூலைக் கேட்டு வாங்குகிறேன்.

அழகுக்கு நான் ஆசைப்பட்ட இன்னும் இரண்டையும் விட்டுவிட்டேன். ஒன்று, தேன்கூட்டு நெசவு. பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் நீளமாக மிதக்கிற இழைகளில் பிஞ்சு விரல் மாட்டும். சாதா நெசவில் வண்ணக் கட்டம் போட்டாலே கண்ணுக்கு நிறைவு. இரண்டாவது, குஞ்சம். அதில் ஒரு இழை கழன்று கால் விரலைச் சுற்றிக்கொண்டால், வீங்கிய பிறகுதான் தெரியும். ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்துத் தைத்துவிடுங்கள்.

கொடுப்பதற்கு முன் மூன்று தடவையாவது துவைக்கிறேன். புதுப் பருத்தி முறுமுறுவென்றுதான் இருக்கும். பாட்டியின் பழைய நூல்சேலையில் பிள்ளையைச் சுற்றியது சும்மாவா? அம்மாக்களிடம் ஒன்றைச் சொல்லி அனுப்புகிறேன்: மடியில் வைத்திருக்கும்போது, வண்டியில் போகும்போது போர்த்துங்கள், ஒரு வயதுக்குள் தூங்கும் குழந்தையின் பக்கத்தில் தளர்வான போர்வை கூடாது என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்வது.

சாயம் போகாத முதல் போர்வை கீழ்வீட்டுக்குத்தான் போனது. சர்க்கரை கொண்டுவந்த அம்மாவுக்கு நிஜமாகவே பேரன் பிறந்தான். தறிக்கால்களுக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டும், ஊடையை அடிக்கிற சத்தம் அவர்கள் கூரையில் கேட்கத்தான் செய்கிறது. மத்தியானம் இரண்டு மணி வாக்கில் போன் வரும்.

“மகு மலகிதெ, மக்க நில்லிசி.”

குழந்தை தூங்குகிறது, தறியை நிறுத்துங்கள். மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஊடை நூலைத் தாரில் சுற்ற உட்கார்ந்துவிடுவேன்.