நகரத்துக் கடை மூடினால் நஷ்டம் யாருக்கு?

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

ஒருவர் துணி நெய்கிறார். மற்றொருவர் அதை வாங்கி உடுத்துகிறார். இருவருக்கும் இடையே நிற்பது கடை. நெய்பவருக்கு நூலின் விலையும் கூலிக் கணக்கும் தெரியும். உடுத்துபவருக்குத் தம் விருப்பமும் தம் கையிருப்பும் தெரியும். ஒருவர் நிலை மற்றவருக்கு எட்டுவது கடையின் வாயிலாகத்தான். கடை நன்றாக நடக்கும் காலத்தில் இதை எவரும் நினைப்பதில்லை. அது மூடப்பட்ட பிறகுதான், எத்தனை குடும்பங்களின் பிழைப்பு அதனோடு பிணைந்திருந்தது என்பது புலனாகிறது.

இம்மாதப் பாடத்துக்கு லண்டன் நகரத்தை எடுத்துக்கொள்வோம். நடுத்தர வருவாய் உள்ளவர்களுக்குக் கட்டுபடியாகும் விலையில் புதுப்பாணி உடைகளை விற்றுப் புகழ் பெற்ற கடைகள் அந்நகரில் இரு காலங்களில் மூடப்பட்டன. முதலாவது 1975-ல், இரண்டாவது 2020-21-ல். அவை தனி முதலாளிகளுக்கு உரியவை. கூட்டுறவுச் சங்கங்கள் அல்ல. ஆயினும் அவை எழுந்த விதத்தையும் விழுந்த விதத்தையும் ஆராய்ந்தால், நம் சங்கங்களின் விற்பனை நிலையங்களுக்கு வேண்டிய படிப்பினை அவற்றில் நிரம்ப உண்டு.

பீபா: கட்டம் போட்ட ஒரு கவுன்

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் பிரிட்டனில் காரியாலயங்களிலும் கடைகளிலும் வேலை பார்க்கும் இளம் பெண்கள் பெருகினர். அவர்கள் கையில் வாரச் சம்பளம் இருந்தது. ஆனால் அழகிய பாணியில் தைத்த உடைகள் செல்வர்களுக்கான விலையிலேயே கிடைத்தன. இந்தக் குறையைக் கண்டுகொண்டவர் பார்பரா ஹுலானிக்கி என்ற சித்திரக்காரர். 1964-ல் அவர், இளஞ்சிவப்பு நிறத்தில் சிறுகட்டம் போட்ட பருத்திக் கவுன் ஒன்றை 25 ஷில்லிங் விலைக்கு அஞ்சல் மூலம் அனுப்புவதாக 'டெய்லி மிரர்' பத்திரிகை வாயிலாக அறிவித்தார். சுமார் 17,000 பேர் அதை வாங்கினர். அதே ஆண்டில் கென்சிங்டன் பகுதியில் 'பீபா' என்ற சிறு கடை திறக்கப்பட்டது.

நெசவாளராகிய அன்பர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கவுனின் துணியில் அதிசயம் எதுவும் இல்லை. நம் தறிகளில் நாள்தோறும் ஓடும் கட்டத் துணியைப் போன்றதே அது. வெட்டும் தையலும் புதியவை. விலையோ வாரச் சம்பளம் வாங்கும் பெண்ணால் கொடுக்கக்கூடியது. சாதாரணத் துணிக்கும் காலத்துக்கு ஏற்ற வடிவம் கிடைத்துவிட்டால், விற்பனைக்குப் பஞ்சம் இல்லை.

கடை வளர வளர அதிக முதல் தேவைப்பட்டது. 1969-ல் 'டாரதி பெர்க்கின்ஸ்' என்ற கம்பெனி முதலியோர் பீபாவில் 75 சதவீதப் பங்கை வாங்கினர். 1973-ல் பீபா மிகப் பெரிய கட்டிடம் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தது. அதே ஆண்டில், நிலமும் கட்டிடமும் வாங்கி விற்பதைத் தொழிலாகக் கொண்ட கம்பெனி ஒன்று டாரதி பெர்க்கின்ஸைத் தன் வசமாக்கிக்கொண்டது. கடையைத் தொடங்கியவருக்கும் புதிய உடைமையாளர்களுக்கும் கருத்து ஒவ்வவில்லை. நாட்டிலும் வியாபார மந்தம் நிலவியது. 1975-ல் கடை மூடப்பட்டது. துணி வியாபாரத்தை அறிந்தவர்களிடமிருந்து அதிகாரம் கைமாறி, கட்டிடத்தின் மதிப்பை அறிந்தவர்களிடம் சென்றதும், கடையின் ஆயுள் குறுகியது.

டாப்ஷாப்: பெயர் இருந்தது, கடை இல்லை

பீபா தோன்றிய அதே 1964-ல், பீட்டர் ராபின்சன் என்ற பெருங்கடையின் ஒரு பிரிவாக 'டாப்ஷாப்' தொடங்கியது. பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டு சர்க்கஸ் நாற்சந்தியில் அதன் தலைமைக் கடை ஏறக்குறைய 90,000 சதுர அடிப் பரப்பில் விளங்கிற்று. பள்ளி மாணவியரும், சம்பளம் வாங்கத் தொடங்கிய இளைஞரும், வெளியூரிலிருந்து நகரம் பார்க்க வந்தவர்களும் அங்கே குவிந்தனர்.

2002-ல் பிலிப் கிரீன் என்ற வியாபாரி, டாப்ஷாப் உள்ளிட்ட பல கடைத் தொகுதிகளைக் கொண்ட ஆர்கேடியா கம்பெனியைச் சுமார் 85 கோடி பவுனுக்கு வாங்கினார். 2005-ல் அக்கம்பெனி வங்கிகளிடம் பெருங்கடன் வாங்கி, முதலாளியின் குடும்பத்துக்கு 120 கோடி பவுன் லாப ஈவு வழங்கியது. சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் கம்பெனியின் தலைமீது கடன் ஏறியது.

அதற்குப் பிந்திய ஆண்டுகளில், வீட்டிலிருந்தபடியே இணையத்தில் துணி வாங்கும் வழக்கம் பரவியது. கடை வைக்காமலே விற்கும் கம்பெனிகள் மலிவு விலையில் போட்டியிட்டன. ஆர்கேடியாவோ நகரந்தோறும் வாடகைக் கட்டிடங்களில் நூற்றுக்கணக்கான கடைகளை வைத்துக்கொண்டிருந்தது. காலத்துக்கு ஏற்ற மாறுதல்களுக்குப் போதிய முதல் போடவில்லை. 2019-ல் வாடகையைக் குறைக்கும்படி கட்டிடச் சொந்தக்காரர்களை இறைஞ்சும் நிலை வந்தது. 2020-ல் கொரோனா நோய்க் காலத்தில் கடைகளை அடைக்க நேர்ந்தபோது, தாக்குப்பிடிக்கச் சக்தி இல்லை. அவ்வாண்டு நவம்பர் 30-ம் தேதி கம்பெனி கடன் தீர்க்க இயலாமல் பிறர் நிர்வாகத்துக்கு உட்பட்டது. அப்போது அதற்குப் பிரிட்டனில் 444 கடைகளும், சுமார் 13,000 ஊழியர்களும் இருந்தனர்.

2021 பிப்ரவரியில் 'ஏசாஸ்' என்ற இணைய வியாபாரக் கம்பெனி, டாப்ஷாப் முதலிய பெயர்களை 26.5 கோடி பவுனுக்கும், கையிருப்புச் சரக்கைத் தனி விலைக்கும் வாங்கிற்று. கடைகளை அது வாங்கவில்லை. பெயருக்கு மதிப்பு இருந்தது. கடைக்கும் ஊழியருக்கும் இல்லை! ஆக்ஸ்போர்டு சர்க்கஸ் கட்டிடத்தில் 2025-ல் மரச்சாமான் வியாபாரக் கம்பெனி ஒன்று கடை திறந்தது. டாப்ஷாப் என்ற பெயர் மட்டும் மீண்டும் கைமாறி, அதே ஆண்டில் பிறருடைய கடைகளில் தலைகாட்டத் தொடங்கியது.

இழந்தவர்கள் யார்?

முதலில் வாங்குவோரைப் பார்ப்போம். மலிவான உடை விற்கும் வேறு பெரிய கடைகள் லண்டனில் உள்ளனவே, இதில் என்ன இழப்பு என்று கேட்கலாம். அது ஓரளவு உண்மைதான். ஆனால் எல்லாருக்கும் அது பொருந்தாது. ஆர்கேடியாவைச் சேர்ந்த 'எவான்ஸ்' என்ற கடைத் தொகுதி, பருத்த உடல்வாகுள்ள பெண்களுக்கென்றே 1930 முதல் உடை விற்று வந்தது. 2020 டிசம்பரில் அதன் பெயரை ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்று வாங்கியது, கடைகள் மறைந்தன. தம் அளவுக்கு உரிய உடையைத் தொட்டுப் பார்த்து, போட்டுப் பார்த்து, கூச்சமின்றி வாங்கக்கூடிய இடத்தை அப்பெண்கள் இழந்தனர். படத்தைப் பார்த்து வாங்குவதில் துணியின் கனமும் மென்மையும் கைக்குத் தெரிவதில்லை. அளவு பிசகினால் திருப்பி அனுப்பும் தொல்லையும் உண்டு.

இரண்டாவதாக ஊழியர்கள். சம்பளம் போயிற்று, ஓய்வூதிய நிதியிலும் பெருந்துண்டு விழுந்திருந்தது. இதே முதலாளி 2015-ல் ஒரு பவுன் விலைக்கு விற்றுவிட்ட பி.எச்.எஸ். என்ற கடைத் தொகுதி அடுத்த ஆண்டே மூடப்பட்டு, ஏறத்தாழ 11,000 பேர் வேலை இழந்தனர். அங்கும் ஓய்வூதிய நிதி குறைந்திருந்தது. பெரும் விவாதத்துக்குப் பின் 2017-ல் பழைய முதலாளி 36.3 கோடி பவுன் தர ஒப்புக்கொண்டார்.

மூன்றாவதாக, நம் கவனத்துக்கு மிகவும் உரியவர்கள், துணி உற்பத்தி செய்தவர்கள். 2020-ல் மேலைநாட்டுக் கடைகள் அடைக்கப்பட்டதும், வங்கதேசத்துத் தையல் ஆலைகளுக்குக் கொடுத்திருந்த ஆர்டர்கள் ரத்தாயின அல்லது நிறுத்திவைக்கப்பட்டன. அவற்றின் மதிப்பு 300 கோடி டாலருக்கு மேல் என்று அந்நாட்டு ஆடை ஏற்றுமதியாளர் சங்கம் கணக்கிட்டது. ஆர்டர்களை ரத்து செய்தவர்களில் ஆர்கேடியாவும் ஒன்று. நூல் வாங்கியாயிற்று, துணி வெட்டியாயிற்று, தைத்தும் ஆயிற்று. பணம் மட்டும் வரவில்லை. லண்டனில் ஒரு கதவு சாத்தப்பட்டால் டாக்காவில் ஓர் அடுப்பு அணைகிறது. ஒரே வியாபாரியை நம்பி நெய்பவருக்கும், ஒரே கமிஷன் மண்டியை நம்பி விளைவிப்பவருக்கும் இந்த அபாயம் இன்றும் உண்டு.

ராச்டேல் காட்டிய வழி

இதே இங்கிலாந்தில் 1844 டிசம்பர் 21-ம் தேதி, ராச்டேல் என்னும் ஊரில் 28 பேர் 28 பவுன் முதலுடன் ஒரு கடை திறந்தனர். அவர்களில் நெசவாளர்கள் பலர். மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்றவையே ஆரம்பச் சரக்கு. பங்கு முதலுக்கு வரம்புள்ள வட்டி, மிஞ்சிய லாபம் வாங்கியவர்களுக்கே அவரவர் வாங்கிய அளவுப்படி, ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்பவை அவர்கள் வகுத்த நெறிகள்.

இந்த நெறிகளை 2005-ல் நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு குடும்பம் கடன் வாங்கி லாப ஈவு எடுத்துக்கொள்வதற்குக் கூட்டுறவில் இடம் இல்லை. நம் சட்டமும் லாப ஈவுக்கு வரம்பு கட்டி, லாபத்தில் ஒரு பகுதியைச் சேமநிதிக்கு ஒதுக்கச் சொல்கிறது. பொதுக்குழுவில் "சேமநிதிக்கு ஏன் இவ்வளவு? பங்குக்குக் கூட்டிக் கொடுங்கள்" என்ற குரல் எழும்போது, அங்கத்தினர்கள் ஆர்கேடியாவை நினைவில் கொள்ள வேண்டும். மழைக்காலத்துக்கு வைத்த விறகை வெயில் காலத்திலேயே எரித்தவர்கள் அவர்கள்.

நம் விற்பனை நிலையங்கள்

1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம், ஊர் ஊராகச் சிதறியிருந்த கைத்தறி நெசவாளர் சங்கங்களின் துணிக்கு நகரங்களில் கடை அமைத்துக் கொடுத்தது. பல சங்கங்கள் தாமே தனி விற்பனை நிலையமும் நடத்துகின்றன. இந்நிலையங்கள் சில நஷ்டத்தில் நடக்கும்போது, "மூடிவிட்டுக் கட்டிடத்தை வாடகைக்கு விடலாமே" என்ற யோசனை எழுகிறது. இது புறக்கணிக்கத்தக்க யோசனை அன்று. கணக்குப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். உதாரணமாக ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு நிலையத்தின் மாத விற்பனை ரூ. 2,00,000 என்க. அதில் சங்கத்துக்கு மிஞ்சுவது 10 சதவீதம், அதாவது ரூ. 20,000. செலவு ரூ. 24,000. நஷ்டம் ரூ. 4,000. மூடினால் இந்த நஷ்டம் நீங்கும், வாடகையாக ரூ. 15,000 வரும். சங்கத்துக்கு மாதம் ரூ. 19,000 அனுகூலம் போலத் தோன்றும். ஆனால் விற்ற துணியில் நெசவுக் கூலி 35 சதவீதமானால், ரூ. 70,000 அங்கத்தினர் வீடுகளுக்குச் சென்றிருக்கிறது. நிலையம் போனபின் அச்சரக்கில் பாதிக்கு வேறு சந்தை கிடைக்காவிடில், கூலி இழப்பு ரூ. 35,000. பேரேட்டில் லாபம், தறியில் நஷ்டம்.

மாத விற்பனை ரூ. 80,000-க்கு இறங்கிவிட்டால் கணக்கு மாறும். மிஞ்சுவது ரூ. 8,000, நஷ்டம் ரூ. 16,000, வாடகையையும் சேர்த்தால் மூடுவதன் அனுகூலம் ரூ. 31,000. கூலியோ ரூ. 28,000, அதில் பாதி போனாலும் இழப்பு ரூ. 14,000 தான். அந்நிலையில் பழைய இடத்தைக் கட்டிக்கொண்டு அழுவது கூட்டுறவுப் பற்று ஆகாது. இடத்தையோ முறையையோ மாற்றுவதே அறிவுடைமை.

அந்த நிலைக்கு இறங்காமல் காக்கும் வழிகள் நான்கு:

1. கேட்டுக் கிடைக்காதவற்றைக் குறித்துவைக்க ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு புத்தகம் வேண்டும். வாங்காமல் திரும்பியவர் எந்த நிறம், எந்த அளவு, எந்த விலை கேட்டார் என்பது அதில் ஏற வேண்டும். மாதந்தோறும் நிர்வாகக் குழு அதைப் படித்து, தறிக்கு ஆணை தர வேண்டும்.

2. ஆறு மாதத்துக்கு மேல் தேங்கிய சரக்கைத் தனிப் பட்டியலாக எழுத வேண்டும். தள்ளுபடிக் காலத்தில் அதை முதலில் தள்ள வேண்டும். தேங்கிய துணி, முடங்கிய கூலி.

3. மொத்த விற்பனை ஒரே இடத்தை நம்பியிருக்கலாகாது. கோ-ஆப்டெக்ஸ், சொந்த நிலையம், இணைய விற்பனை என மூன்று வாயில்கள் திறந்திருக்கட்டும். இணையத்தைப் பகையாகக் கருத வேண்டியதில்லை. கடைக்கு அது துணைக் கை.

4. இளைஞரை மறவாதீர். வேட்டியும் சேலையும் நம் உயிர்நாடி. ஆயினும் கல்லூரி மாணவிக்கு ஏற்ற சுடிதார்த் துணியும், இளைஞனுக்கு ஏற்ற சட்டைத் துணியும் அவர்களால் வாங்கக்கூடிய விலையில் நம் நிலையத்தில் இருக்க வேண்டும். இன்று வெறுங்கையோடு திரும்பும் இளைஞர் நாளைத் தம் திருமணத்துக்கும் நம்மிடம் வரமாட்டார்.

லண்டன் மாநகரத்து வாடிக்கையாளர்களுக்கு அந்தக் கடைகள் மூடப்படும்போது ஒரு வாக்கும் இல்லை. செய்தித்தாளைப் பார்த்து அறிந்துகொண்டார்கள். நமக்கு வாக்கு உண்டு. நம் நிலையம் நடப்பதும் நிற்பதும் பொதுக்குழுவில் நாம் உயர்த்தும் கைகளைப் பொறுத்தது. அந்தக் கையை உயர்த்துமுன் கணக்கைக் கேட்டு வாங்கிப் படிப்பது ஒவ்வோர் அங்கத்தினரின் கடமையாகும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க:

1. நம் சங்கத்தின் துணியில் அல்லது விளைபொருளில் எத்தனை சதவீதம் ஒரே இடத்தில் விற்கிறது? அந்த இடம் மூடப்பட்டால் மாற்று ஏற்பாடு யாது?

2. நம் விற்பனை நிலையம் சென்ற ஆண்டில் அங்கத்தினர்க்கு எவ்வளவு கூலி ஈட்டித் தந்தது? அக்கணக்கு ஆண்டறிக்கையில் உள்ளதா?

3. நம் வீட்டுப் பிள்ளைகள் தம் உடைகளை எங்கே வாங்குகிறார்கள்? நம் நிலையத்தில் வாங்கவில்லை என்றால், காரணம் என்ன?